பேசக்கூடாததைப் பேசிய டொக்டர் மேரி இரட்ணம்

கொழும்பில் பிள்ளைகளைப் பாட்டுக்கும் வீணைக்கும் நடனத்துக்கும் அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்குக் கலாலயா என்ற பெயர் தெரியும். அதை நடத்துவது தமிழ் மகளிர் சங்கம் என்பதும் பலருக்குத் தெரியும். அந்தச் சங்கத்தை 1909இல் தொடங்கியவர் யார் என்று கேட்டால்தான் தயக்கம் வருகிறது. நான் வெள்ளவத்தையில் கேட்டுப் பார்த்தவர்கள் பழைய பெரிய குடும்பத்து அம்மா ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். அவர் கனடாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். ஒரு தமிழரை மணந்து, இரட்ணம் என்ற பெயரை ஏற்று, 60 ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டிலேயே வாழ்ந்து இங்கேயே இறந்தவர். தொழிலால் பெண்களுக்கான வைத்தியர்.

நான் அவரைத் தேடிப் போனது சங்கீதத்துக்காக அல்ல. கொழும்பில் வசிக்கும் தமிழ் இளம்பெண்களுக்கு இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றி யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், சொல்லிக்கொடுப்பவர்களுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு செய்திக்காக அலைந்துகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் பழைய கதை ஏதாவது குறுக்கிட்டது. குடும்பத் திட்டச் சங்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் அவர் இருந்தார். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்திலும் இருந்தார். பாடசாலைச் சுகாதாரப் பாடநூல்களின் வரலாற்றுக்குள் போனாலும் அதே பெயர். ஒரு கட்டத்தில் செய்தியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த அம்மாவின் வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

மேரி ஹெலன் இர்வின் 1873 ஜூன் 2ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிறிய ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் விரும்பாத காலம் அது. ரொறொன்ரோவில் பெண்களுக்கென்றே தனி மருத்துவக் கல்லூரி ஒன்று இருந்தபடியால் அவர் படிக்க முடிந்தது. படித்து முடித்த பெண் வைத்தியர்களுக்கு உள்ளூரில் வேலை எளிதாகக் கிடைக்கவில்லை. கீழைத்தேசங்களின் மிஷன் வைத்தியசாலைகள் அவர்களை வரவேற்றன. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மறுக்கும் பெண்கள் இங்கே இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அப்படித்தான் மேரி இலங்கைக்கு, அதிலும் யாழ்ப்பாணத்துக்குப் போகத் தெரிவானார். யாழ்ப்பாணத்து முதியவர்கள் இன்றும் சொல்லும் இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்காக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில வைத்தியத்துக்கு அதற்கு முன்பே ஒரு நல்ல அத்திவாரம் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழிலேயே வைத்தியர்களாகப் பயிற்றினார். பிரசவ வைத்தியம் பற்றிய ஆங்கில நூலொன்று 1857இல் தமிழில் அச்சாகிவிட்டது. கருப்பையைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் தமிழில் வெட்கமில்லாமல், அசிங்கமும் இல்லாமல் எழுத முடியும் என்று 160 வருடங்களுக்கு முன்பே காட்டியாயிற்று. இன்று எங்கள் வகுப்பறைகளில் அந்தப் பக்கங்களைக் கடக்கும்போது தமிழில் சொல் இல்லை என்று யாராவது சாக்குச் சொன்னால் எனக்கு மானிப்பாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மேரியின் பயணத்தை நியூயோர்க் மாற்றிவிட்டது. அங்கே அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் ஒருவரைச் சந்தித்தார். சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்பது அவர் பெயர். இருவரும் 1896இல் அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது, மிஷன் வட்டாரத்துக்கு இந்தத் திருமணம் பொறுக்கவில்லை. தமிழருக்கு வைத்தியம் செய்யலாம், தமிழருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஒரு தமிழரைக் கல்யாணம் செய்யக்கூடாது. கடவுளின் முன் எல்லாரும் சமம் என்று பிரசங்கித்த வாய்கள் அவரை ஒதுக்கின. எங்கள் பக்கம் மட்டும் திறந்த மனதோடு இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சாதிக்குள் சாதி பார்க்கும் சமூகம் கடல் கடந்து வந்த மருமகளை எப்படிப் பார்த்திருக்கும் என்பதை ஊகிக்க அதிக கற்பனை வேண்டியதில்லை.

மிஷன் வேலை போயிற்று. தம்பதியர் கொழும்புக்கு வந்தார்கள். மேரி பெண்களுக்கான அரசாங்க வைத்தியசாலையான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் சில காலம் வேலை செய்தார். பிறகு தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளும் பிறந்தார்கள். அவர்களில் ஒருவரான ரொபின் இரட்ணம் பிற்காலத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் ஆரம்பகால உறுப்பினராக இருந்தார். வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதற்கு இது ஒரு சிறிய தடயம்.

அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு பெண் பிள்ளை பெறுவது என்றால் என்ன என்று விளங்கிக்கொண்டால்தான் மேரி செய்தது விளங்கும். டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879இலேயே திறக்கப்பட்டு, மருத்துவிச்சிகளுக்கு அங்கே பயிற்சியும் கொடுக்கப்பட்டது. இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பெரும்பாலான பெண்கள் வீட்டின் பின்னறையில்தான் பிள்ளை பெற்றார்கள். 1930களில்கூட ஓரிலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு சாவு. மலேரியா ஊரைத் தின்ற 1935இல் நிலைமை அதைவிட மோசம். இன்று அதே எண் சில பத்துகளுக்குள் நிற்கிறது. இந்த இறக்கத்துக்குப் பெரிய வைத்தியசாலைகளைவிட, படி ஏறி வீட்டுக்கு வந்த பயிற்சி பெற்ற மருத்துவமாதுகளே முக்கிய காரணம் என்று பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

வைத்தியராக இருந்த மேரி, நோயாளி கதவைத் தட்டும்வரை காத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருந்ததை அவர் கண்டிருக்கவேண்டும். சின்ன வயதுக் கல்யாணம், இரத்தச்சோகை, வருடத்துக்கொரு பிள்ளை, தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாத தாய். மருந்து எழுதுவதால் இவை மாறாது. ஆகவே அவர் பெண்களைக் கூட்டினார். 1904இல் இலங்கை மகளிர் சங்கம், 1909இல் தமிழ் மகளிர் சங்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். தையலும் சமையலும் பாட்டும் இருந்த இடத்தில் சுகாதாரமும் இருந்தது. இன்றைய அரசு சாரா நிறுவனங்கள் செய்யும் வேலையின் ஒரு பழைய வடிவம் என்று சொல்லலாம். அறிக்கை எழுதும் தொல்லை மட்டும் இல்லை.

அடுத்ததாகப் பாடசாலை. சுகாதாரம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவை பற்றி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாடநூல்கள் எழுதினார். 1933இல் வந்த மனைப்பொருளியல் கைநூல் ஆசிரியர்களுக்கானது. இதைக் கவனிக்கவேண்டும். பிள்ளைக்கு நேரடியாகச் சொன்னால் ஒரு வகுப்போடு முடிந்துவிடும். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தால் வருடா வருடம் அது போய்க்கொண்டிருக்கும். இன்று பயிற்றுநர்களுக்கான பயிற்சி என்று மூன்று நட்சத்திர ஹோட்டல்களில் நடக்கும் விஷயம் இதுதான்.

இளம்பெண்களுக்குப் பாலியல் கல்வி வேண்டும் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். பெண்பிள்ளைகள் மத்தியில் உடம்பைப் பற்றியும், பிள்ளை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியும் பேசக்கூடிய ஒரு வைத்தியர் இருந்தது அந்நாள் கொழும்பின் பெரியவர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. கருத்தடை பற்றி அவர் பேசத் தொடங்கியபோது எதிர்ப்பு இன்னும் வலுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பு கடுமையானது. அவரே பக்தியுள்ள கிறிஸ்தவர், மதுவிலக்கு இயக்கத்தில் ஊறியவர். ஒழுக்கம் கெட்டவர் என்று அவரை எளிதில் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் தலைமுறையின் கதையை இங்கே சொல்லவேண்டும். வன்னியில் நான் படித்த பாடசாலையில் விஞ்ஞானப் புத்தகத்தின் இனப்பெருக்க அலகு வந்தபோது ஆசிரியை வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போனார். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் அம்மா விளக்கைக் கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவா. நான் பெரியபிள்ளை ஆனபோது சாமத்தியச் சடங்குக்கு ஊரெல்லாம் சொல்லியாயிற்று. எனக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 2009இல் முள்வேலிக்குள் மூன்று இலட்சம் பேர் வரை அடைபட்டிருந்தபோது எங்கள் கூடாரத்தில் நாலு குமர்ப்பிள்ளைகள். துவாய்க்கு வரிசை, தண்ணிக்கு வரிசை, மறைப்பில்லாத கழிப்பிடம். எங்களில் இருவர் ஏற்கெனவே கல்யாணம் முடித்திருந்தார்கள். கல்யாணம் முடித்தவர்களை இயக்கத்தில் சேர்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவசர அவசரமாக முடித்துவைத்த கல்யாணங்கள் வன்னியில் எத்தனையோ. பதினாறிலும் பதினேழிலும் தாயான அந்தப் பிள்ளைகளுக்கு, கர்ப்பம் என்றால் என்ன, அடுத்ததைத் தள்ளிப்போடுவது எப்படி என்று சொல்ல ஆளிருக்கவில்லை. சட்டப்படி 1995இலிருந்து திருமண வயது 18. ஷெல் விழும் இடத்தில் அந்தச் சட்டத்தை யார் பார்த்தது?

மேரியிடம் திரும்பினால், 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். டொனமூர் ஆணைக்குழு அப்போது இலங்கைக்கு வந்திருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று வாதாடிய பெரியவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்தில் கல்லூரி கட்டியவரும் அவர்தான். படிக்கலாம், ஆனால் தீர்மானிக்கக்கூடாது என்ற இந்த நிலைப்பாடு இன்றும் எங்கள் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மக்களின் வாக்குகளோடு, நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குப் போனார்.

அதே காலத்தில் மேரி தொடங்கிய லங்கா மகிளா சமிதிதான் அவருடைய பெரிய வேலை என்று நினைக்கிறேன். அவர் பிறந்த ஒன்ராறியோவில் 1897இல் ஸ்டோனி கிறீக் என்ற ஊரில் கமக்காரப் பெண்கள் தொடங்கிய மாதர் அமைப்புகளே இதற்கு முன்மாதிரி. கிராமத்துக்குக் கிராமம் பெண்கள் கூடுவார்கள். அவர்களிலிருந்து சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். குழந்தைப் பராமரிப்பு, போஷாக்கு, வீட்டுத்தோட்டம், கைப்பணி. பயிற்சி பெற்றவர் தன் ஊருக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கொழும்பிலிருந்து கார் ஏறி வந்து விரிவுரை செய்துவிட்டுப் போகும் சீமாட்டிகளை நம்பி இந்த ஏற்பாடு இல்லை. கிணற்றடியில் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளும் பெண் சொன்னால் கேட்பார்கள் என்ற எளிய கணக்கு. இதே கணக்கில்தான் அரசாங்கமும் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பொதுச் சுகாதார மருத்துவமாதை ஊருக்குள் அனுப்பியது. சமிதி பெரும்பாலும் தெற்கின் சிங்களக் கிராமங்களிலேயே வேரூன்றியது. வடக்குக் கிழக்கில் அது அதேபோல் பரவியிருந்தால் என்று ஒரு கணம் நினைக்கத் தோன்றுகிறது.

1937இல் 64 வயதில் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் நின்று வென்றார். மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர். அதே வருடம்தான் நேசத்தின் கணவர் டொக்டர் இரட்ணசோதி சரவணமுத்து கொழும்பின் முதல் மேயரானார். மேரியின் பதவி நிலைக்கவில்லை. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவர் நீக்கப்பட்டார். அவர் அதற்காக வீட்டில் இருந்துவிடவில்லை. 1944இல் அகில இலங்கைப் பெண்கள் மாநாடு உருவானபோதும் முன்னால் நின்றார்.

கருத்தடை பற்றி 1930களிலிருந்து அவர் விதைத்தது 1953 ஜனவரியில் முளைத்தது. சில்வியா பெர்னாண்டோ முதலான பெண்களோடு சேர்ந்து இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கத்தை அமைத்தபோது மேரிக்கு 80 வயது ஆகப்போகிறது. சங்கத்தின் முதல் கிளினிக்கை டி சொய்சா வைத்தியசாலையில் நடத்தியவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி. தமிழ்ப் பெண் வைத்தியர். 1960களின் தொடக்கத்தில் கருத்தடை மாத்திரையை இலங்கைப் பெண்களிடம் பரீட்சித்துப் பார்த்த ஆய்வை நடத்தியவரும் அவரே. அரசாங்கம் 1958இல் சுவீடனோடு ஓர் ஒப்பந்தம் செய்து குடும்பத் திட்டத்தைச் சில இடங்களில் முயன்று பார்த்தது. 1965இல் அதைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது. மருத்துவமாதுகளுக்குக் கருத்தடை முறைகள் பற்றிப் பயிற்சி கொடுப்பது அப்போதிலிருந்து அரசாங்கத்தின் வேலையாயிற்று.

இந்த வரலாற்றை வெறும் வெற்றிக் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. உலகம் முழுவதும் அந்தக் காலக் கருத்தடை இயக்கத்தில் ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள் என்ற மேட்டுக்குடிக் கவலையும் கலந்திருந்தது. பெண்ணின் விருப்பத்தைவிட எண்ணிக்கை முக்கியமாகும்போது என்ன நடக்கும் என்பதை மலையகம் பார்த்தது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. வறுமையில் கிடந்த தோட்டத்துப் பெண்களுக்கு அது எப்படிப்பட்ட விருப்பத் தெரிவு? 2013 ஓகஸ்ட்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களின் கையில், சரியாக விளக்காமல், வற்புறுத்திக் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? குடும்பத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனம் பின்வாங்குவதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. சுகாதார ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கும்போது கருத்தடைக் குச்சியை எப்படி வைப்பது என்பதோடு, முன்னால் இருக்கும் பெண்ணிடம் அவளுடைய மொழியில் கேட்பதையும் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். மேரி கருத்தடைக்காகப் போராடியபோது மையத்தில் நின்றது தாயின் உடல்நலமும் அவள் தெரிந்துகொள்ளும் உரிமையும்தான் என்று அவருடைய ஏனைய வேலைகளைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒழுங்கில் பார்த்தால் கல்வி முதலில், கிளினிக் பிறகு.

1958இல் பொதுச் சேவைக்கான ரமோன் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருது கொடுக்கத் தொடங்கிய முதல் வருடமே அதுதான். வேறு நாட்டில் பிறந்து, ஒரு சாதாரண குடிமகளாக இந்த மக்களோடு கரைந்துபோனவர் என்பதற்கான மதிப்பு. அதே வருடம் மே மாதம் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெள்ளவத்தையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும் சனம் கப்பலேறி யாழ்ப்பாணம் போயிற்று. இரட்ணம் என்ற தமிழ்ப் பெயரைச் சுமந்த 85 வயது அம்மா அந்த நாட்களில் என்ன நினைத்தார் என்று அறிய ஆசையாக இருக்கிறது. 1962இல், 90ஐ நெருங்கும் வயதில், அவர் மறைந்தார்.

இனி என் பழைய செய்திக்கு வருகிறேன். இன்று பொதுச் சுகாதார மருத்துவமாது ஒருவருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. ஒரு வருடம் தாதியர் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், ஆறு மாதம் வெளிக்களத்திலும். நாட்டின் சுகாதாரத்தைத் தாங்கும் தூண் அவர்தான். ஆனால் அவர் கையிலுள்ள முக்கியமான பதிவேடு தகுதியுடைய குடும்பங்களின் பதிவேடு. கல்யாணம் முடித்த பெண் அதில் பதிவாவாள். பதினேழு வயதில், கல்யாணம் ஆகாமல், காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கும் முல்லைத்தீவுப் பிள்ளை அதில் எந்தப் பக்கத்தில் வருவாள்? ஹட்டனிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் வேலை செய்யும் பிள்ளை? அவர்களுக்காகக் குடும்ப சுகாதாரப் பணியகம் யொவுன் பியச என்ற பெயரில் இளையோர் நிலையங்களை அமைத்திருக்கிறது. நல்ல முயற்சி. பெயரே சிங்களத்தில் இருப்பதால், அது தங்களுக்கும் உரியது என்று எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். நான் பேசிய வெள்ளவத்தை லொட்ஜ் பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த இடம் பாமசி. மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தட்டி, கவுன்டரில் நிற்கும் பெடியனுக்குக் காட்டுவார்கள். அவன் கடுதாசியில் சுற்றிக் கொடுப்பான். ஒரு வார்த்தை பேச்சில்லை.

சட்டமும் ஊழியரைத் தடுமாற வைக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும், அது வன்புணர்வுக் குற்றம். பிள்ளைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்பதால் அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை கிளினிக்குக்கு வந்து கேள்வி கேட்டால், பதில் சொல்வதா, பொலிசுக்குச் சொல்வதா, தாயைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் தடுமாறும் ஊழியரை நான் கண்டிருக்கிறேன். பயிற்சி தேவைப்படுவது இங்கேதான். கருக்கலைப்பு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. ஆகவே வருமுன் சொல்லிக்கொடுக்காவிட்டால் வந்தபின் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி வழி இல்லை. ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்காக ஹத்தே அபே பொத்த என்று ஒரு பாலியல் கல்விப் புத்தகம் சிங்களத்தில் தயாரானது. பிக்குமார் எதிர்க்க, விநியோகம் நின்றுபோயிற்று. மேரியின் காலத்தில் ஆயர்கள், எங்கள் காலத்தில் பிக்குகள். எங்கள் ஐயர்மாரும் போதகர்மாரும் வாய் திறக்காததற்குக் காரணம், அப்படி ஒரு புத்தகம் தமிழில் இன்னும் அவர்கள் கண்ணில் படாததாக இருக்கலாம்.

கொழும்பு நகருக்குள் மாநகர சபைக்குத் தனியான சுகாதாரப் பிரிவும் கிளினிக்குகளும் மருத்துவமாதுகளும் உண்டு. மேரி ஒரு காலத்தில் உறுப்பினராக இருந்த சபை அது. கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலை செய்யும் தமிழ் பேசும் குடும்பநல மாது ஒருவரோடு ஒரு பின்னேரம் முழுக்க நடந்தேன். ஒடுங்கிய தோட்டங்களுக்குள் அவரை எல்லாருக்கும் தெரியும். மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணமாகாத பிள்ளைகள் முதல்முறை வந்தால் வயிற்றுக்குத்து என்று சொல்வார்களாம். இரண்டாம் முறை சினேகிதி ஒருத்தியின் பிரச்சினை என்று வருவார்களாம். மூன்றாம் முறைதான் சொந்தக் கதை வெளியே வரும். முதல் இரண்டு முறையும் முகம் சுளித்திருந்தால் மூன்றாம் முறை வந்திருக்கமாட்டார்கள் என்றார். இதை யார் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். தாய்ப்பால், தடுப்பூசி, நீரிழிவு எல்லாவற்றுக்கும் அவருடைய பையில் தமிழ்த் துண்டுப்பிரசுரம் இருந்தது. குமர்ப்பிள்ளைகளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. சிங்களத்தில் வந்த ஒரு கைநூலைப் பார்த்து, ராத்திரியில் கொப்பியில் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். நாற்பது பக்கம் வரும். இரண்டு பிள்ளைகள் அதைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கேட்டார்களாம். கொடுத்துவிட்டாராம்.